ஐக்கிய ஜெப வாரம்: மனத்தாழ்மையைச் செயலில் காட்டுவது எப்படி?

காவேரிப்பட்டணம் வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நான்கு சபைகள் சேர்ந்து ஜனவரி 18 முதல் 25 வரை ஐக்கிய ஜெப வாரம் நடத்த ஏற்பாடு நடக்கிறது: ஒரு கத்தோலிக்கப் பங்கு, ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், ஒரு லுத்தரன் சபை, ஒரு பெந்தெகொஸ்தே சபை. "மனத்தாழ்மையும் ஒருமையும்" என்று தலைப்பு வைக்கலாம் என எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் தலைப்பு முடிவான அதே கூட்டத்தில், நோட்டீஸில் யார் பெயர் முதலில் வருவது என்று பேச்சு வந்ததும் குரல் உயர்ந்துவிட்டது.

தாழ்மை வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அது எந்த இடத்தில், எந்தச் செயலில் தெரிய வேண்டும் என்பதில்தான் தடுமாற்றம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

ஒன்று, வேதபாடத்துக்கு எந்தப் பகுதியை எடுப்பது, எப்படி நடத்துவது? இரண்டு, பெயர் வரிசை, மேடை, நேரம் இவற்றில் சண்டை வராமல் இருக்க முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்? மூன்று, ஏற்பாட்டுக் குழுவில் உள்ள இரண்டு பெரியவர்கள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதை எப்படி அணுகுவது? நான்கு, தாழ்ந்து போவதற்கு எல்லை உண்டா?

பாலக்கோடு மறைக்கல்வி

இயேசுவுக்கே புகழ். முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

பகுதி பிலிப்பியர் 2:1-11. எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள், ஆனால் பெரும்பாலும் 5-ஆம் வசனத்தில் தொடங்கி 11-இல் முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் அது அழகான கிறிஸ்துப் பாடலாக மட்டும் நின்றுவிடும். பவுல் அதை எதற்காக அங்கே வைத்தார் என்பது 4:2-இல் இருக்கிறது: எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்கள் ஒரே சிந்தையாக இல்லை. இருவரும் நற்செய்திக்காக அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள். சோம்பேறிகளுக்குள் வந்த சண்டை அல்ல அது, உழைப்பாளிகளுக்குள் வந்தது. கிறிஸ்து தம்மை வெறுமையாக்கினார் என்ற அந்தப் பெரிய வார்த்தை, பெயர் சொல்லக்கூடிய இரண்டு பேர் கைகோக்க வேண்டும் என்ற கவலையோடு எழுதப்பட்டது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஊர். பிலிப்பி ரோமானியக் குடியேற்றம். கி.மு. 42-இல் அங்கே நடந்த போருக்குப் பிறகு ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர். தாங்கள் வகித்த பதவிகளை வரிசைப்படுத்திக் கல்லில் வெட்டி வைப்பது அந்த உலகத்தில் கௌரவம். நம்மூர் ஃப்ளெக்ஸ் பேனரை நினைத்துக்கொண்டால் போதும். அப்படிப்பட்ட ஊரில் பவுல் ஏறுவரிசையைச் சொல்லவில்லை, இறங்குவரிசையைச் சொல்கிறார்: தேவனுடைய ரூபம், வெறுமையாக்குதல், அடிமையின் ரூபம், மனுஷர் சாயல், கீழ்ப்படிதல், மரணம், அதுவும் சிலுவை மரணம். வகுப்பில் இந்த ஏழையும் கரும்பலகையில் படிக்கட்டாக மேலிருந்து கீழே எழுதிக் காட்டுங்கள். ஒன்பதாம் வசனத்தில் உயர்த்துகிறவர் தேவன். இயேசு தாமே ஏறவில்லை.

"மனத்தாழ்மை" என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல்லின் வேர் அன்றைய வழக்கில் பெரும்பாலும் இழிவுச் சொல். கீழ்மக்கள், அடிமைகள் இவர்களின் நிலையைக் குறித்தது. அதை எடுத்துச் சபையின் நற்குணமாக வைத்தது பவுலின் துணிச்சல். இதை விளக்காமல் விட்டால் கேட்பவர்கள் "அடக்க ஒடுக்கம்" என்று புரிந்துகொள்வார்கள். அடக்க ஒடுக்கம் ஒருவர் தனியாக வைத்துக்கொள்ளக்கூடியது. இங்கே சொல்லப்படும் தாழ்மைக்கு இன்னொரு ஆள் எதிரில் வேண்டும்: "ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்."

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய திருப்புதலில் 2:3 "வாதினாலாவது வீண்பெருமையினாலாவது" என்று இருக்கும். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடம் "கட்சி மனப்பான்மை" என்று வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். வாது எங்கிருந்து பிறக்கிறது என்பது இரண்டாவதில் வெளிச்சமாகத் தெரியும். ஒரே வேதாகமத்தை எல்லோர் கையிலும் திணிக்கப் பார்க்காதீர்கள்.

நான்கு மாலைகள் இருந்தால் போதும், எட்டு நாளும் பாடம் வேண்டாம். ஒவ்வொன்றும் 45 நிமிடம். முதல் நாள் பிலிப்பியர் 2 மேற்சொன்னபடி. இரண்டாம் நாள் யோவான் 13, பாதம் கழுவுதல். அங்கே கவனிக்க வேண்டியது, யூதாசின் பாதமும் கழுவப்பட்டது; அவன் வெளியே போவது 30-ஆம் வசனத்தில்தான். மூன்றாம் நாள் 1 கொரிந்தியர் 1:10-17, 11:17-34 இரண்டையும் சேர்த்து: பவுல், அப்பொல்லோ, கேபா என்று பெயர் சொல்லிப் பிரிந்தவர்கள், பந்தியிலும் பிரிந்தார்கள் என்பதைக் காட்ட. நான்காம் நாள் எபேசியர் 4:1-6. அதில் மூன்றாம் வசனத்தில் "ஒருமையைக் காத்துக்கொள்வதற்கு" என்று இருக்கிறது. உண்டாக்குவதற்கு என்று இல்லை. ஒருமை ஆவியானவர் ஏற்கெனவே கொடுத்தது, நம் வேலை அதை உடைக்காமல் பார்த்துக்கொள்வது. அதற்கு முந்தைய வசனம் கருவிகளைச் சொல்கிறது: மனத்தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை, அன்பினால் தாங்குதல். வரிசையில் தாழ்மை முதலில் நிற்பது தற்செயல் இல்லை. அது இல்லாத இடத்தில் பொறுமை வெறும் பல்லைக் கடித்துக்கொள்வதாகிவிடும்.

45 நிமிடத்தில் 15 நிமிடம் விளக்கம், 20 நிமிடம் சிறு குழு, 10 நிமிடம் செபம். குழுவுக்கு ஆறு பேர், ஒரே சபையைச் சேர்ந்தவர் இரண்டு பேருக்கு மேல் இருக்க வேண்டாம். "உங்கள் சபையைத் தவிர மற்ற மூன்றில் உங்களிடம் இல்லாத எந்த நல்ல வழக்கத்தைப் பார்க்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். மேன்மையாக எண்ணுவது என்றால் அதுதான். பொய்யாகப் புகழ்வது இல்லை, கண்ணைத் திறந்து பார்ப்பது.

ஓசூர் மூப்பர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மறைக்கல்வி சகோதரர் சொன்னது அடித்தளம். சண்டை மட்டும் எப்போதும் நோட்டீஸிலும் நாற்காலியிலும்தான் வெடிக்கும்.

பெயர் வரிசை. அகர வரிசையில் போட்டால் நியாயம் என்று தோன்றும், ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சுருக்கமாகப் போட்டால் ஆர்.சி., ஐ.இ.எல்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று வரும். விரித்து எழுதினால் இந்திய சுவிசேஷ லுத்தரன், கத்தோலிக்க, தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே என்று மாறும். முதலாவது யார் என்பதே மாறிவிடுகிறது. அதனால் "இது திட்டமிட்டுச் செய்தது" என்ற பேச்சு கிளம்பும். எளிய வழி: அன்றன்று எந்த ஆலயத்தில் கூட்டமோ அந்தச் சபையின் பெயர் கடைசியில். வீட்டுக்காரர் கடைசியில் சாப்பிடுவது போல. எட்டு நாளுக்கு நான்கு இடம் என்றால் ஒவ்வொருவரும் இரண்டு முறை கடைசிக்கு வருவார்கள். போதகர்கள், அருள்தந்தையர் பெயரே நோட்டீஸில் வேண்டாம் என்று நால்வரும் சம்மதித்தால் இன்னும் நல்லது. ஆலயம், நாள், நேரம் மட்டும் போதும். புகைப்படம் கண்டிப்பாக வேண்டாம். படத்தின் அளவு ஒரு அங்குலம் கூடக்குறைய இருந்ததற்காக நின்றுபோன கூட்டங்கள் உண்டு.

மேடை. பலிபீடத்துக்கு முன்னால் வரிசையாக நாற்காலி போடுவது நம் பக்கம் பழக்கமாகிவிட்டது. நடு நாற்காலி யாருக்கு என்பதில் தொடங்கும் வினை. லூக்கா 14-இல் பந்தியில் முதன்மையான இடத்தைப் பற்றி ஆண்டவர் சொன்னதை மேடையில் உட்கார்ந்துகொண்டே வாசிப்பது பொருந்தாது. நாற்காலிகளை எடுத்துவிடுங்கள். ஊழியர்கள் நால்வரும் மக்களோடு முதல் வரிசைக்குப் பதில் மூன்றாம் வரிசையில், தத்தம் சபையார் அல்லாதவர்களுக்கு நடுவில் உட்காரட்டும். தங்கள் முறை வரும்போது எழுந்து போய்ச் செய்துவிட்டுத் திரும்பலாம்.

பொன்னாடை. இதை முதல் குழுக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும்: பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு எதுவும் இல்லை. வாயால் சொன்னால் போதாது. கடைசி நாளில் யாராவது பாசத்தோடு ஒரு சால்வையைக் கொண்டுவருவார். ஒருவருக்குப் போர்த்திவிட்டால் மற்ற மூவரும் வெறுங்கையோடு நிற்க நேரும், அவருக்கும் சங்கடம், கொண்டுவந்தவருக்கும் சங்கடம். எழுத்தில் இருந்தால் வாசலிலேயே அன்பாகச் சொல்லித் திருப்பிவிடலாம்.

நேரம். மொத்தம் 90 நிமிடம் என்று வையுங்கள். தொடக்கம் 5, பாடல் 10, மூன்று வாசகங்கள் 10, செய்தி 15, மௌனமும் பாவ அறிக்கையும் 10, மன்றாட்டு ஆளுக்கு 5 நிமிடமாக 20, சமாதான வாழ்த்து 5, அறிவிப்பு 5. கூட்டிப் பார்த்தால் 80. மீதி 10 நிமிடம் இடைவெளிக்கு. செய்திக்கு 15 என்றால் 15. நேரம் தாண்டுபவர் பெரும்பாலும் தாம் தாண்டுவதை உணரமாட்டார். ஆனால் அடுத்து ஜெபிக்க வேண்டியவரின் நேரத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். "அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக" என்பதன் கடிகாரப் பொருள் இதுதான். 12-ஆம் நிமிடத்தில் முன்வரிசையில் ஒருவர் ஒரு வெள்ளைத் தாளைத் தூக்கிக் காட்டட்டும். மணி அடிக்க வேண்டாம், அது அவமானமாகப் போகும்.

வார்த்தைகள். செபம், ஜெபம், தேவன், கடவுள், கர்த்தர், ஆண்டவர், திருப்பலி, ஆராதனை. ஒருவர் சொல்வது இன்னொருவர் காதுக்கு அந்நியமாக இருக்கும். யாரையும் திருத்தாதீர்கள், அவரவர் வழக்கத்தில் பேசட்டும். அதே சமயம் சத்தமாக ஜெபிப்பதற்கும் மௌனத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்குங்கள். பெந்தெகொஸ்தே சகோதரர்களுக்கு இரண்டு நிமிட மௌனம் நீளமாகத் தெரியும், கத்தோலிக்கருக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் குரல் எழுப்பி ஜெபிப்பது புதிதாக இருக்கும். இரண்டையும் முன்கூட்டியே அறிவித்து இரண்டிலும் எல்லோரும் பங்கெடுப்பது நல்லது. எங்கள் ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்களும் இருக்கும். மூன்று வாசகங்களில் ஒன்றை அந்த மொழியில் வாசிக்கச் சொல்லுங்கள். "எல்லோருக்கும் தமிழ் தெரியுமே" என்பது பதில் இல்லை.

பாடல். சபைக்கு இரண்டு பாட்டு என்று பிரித்துக் கொடுத்தால் பாட்டுப் போட்டியாகிவிடும். நான்கிலிருந்தும் ஐந்து ஐந்து பேர், ஒரே பாடகர் குழு, மூன்று ஒத்திகை. ஒத்திகை இடம் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். உண்மையைச் சொன்னால், ஐக்கியம் கூட்டத்தை விட அந்த ஒத்திகையில்தான் அதிகம் வளரும்.

காணிக்கை. இரண்டு வெவ்வேறு சபையார் எண்ண, மூன்றாம் சபையார் எழுத, நான்காமவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த ஞாயிறு நான்கு ஆலயங்களிலும் ஒரே தாளை ஒரே வார்த்தைகளில் வாசிக்க வேண்டும். பெரிய சபை அதிகம் கொடுத்தது என்ற கணக்கு வெளியே வரக்கூடாது. எல்லாம் ஒரே பெட்டியில் விழட்டும்.

கடைசியாகப் பாதம் கழுவும் சடங்கு. யாராவது யோசனை சொல்வார்கள். பெரிய வியாழன் வழிபாட்டில் அதற்குரிய இடம் இருக்கிறது. 2016-இல் வத்திக்கான் அந்தச் சடங்கின் விதியை மாற்றி, ஆண்கள் மட்டுமல்லாமல் இறைமக்கள் யாருடைய பாதத்தையும் கழுவலாம் என்று திறந்துவிட்டது. ஆனால் ஐக்கியக் கூட்டத்தின் மேடையில், கேமரா முன்னால் வேண்டாம். அதற்குப் பதில் கூட்டம் முடிந்து தேநீர் ஊற்றிக் கொடுப்பதும், டம்ளர் கழுவுவதும், ஜமக்காளம் மடிப்பதும் நான்கு ஊழியர்களின் வேலை என்று வையுங்கள். அது எட்டு நாளும் நடக்கட்டும், படம் எடுக்காமல்.

காவேரிப்பட்டணம் வாசகர்

மிக்க நன்றி ஐயா. பெயர் வரிசை சுருக்கத்துக்கும் விரிவுக்கும் மாறும் என்பது யாருக்குமே தோன்றவில்லை. இன்னும் இரண்டு விஷயம். கடைசி நாள் எல்லோரும் சேர்ந்து திருவிருந்து எடுத்தால்தான் முழு ஐக்கியம் என்று சிலர் வற்புறுத்துகிறார்கள். அப்புறம் பேசாமல் இருக்கும் அந்தப் பெரியவர்கள் விஷயம். "கூட்டத்திலேயே இருவரையும் எழுப்பிக் கைகுலுக்க வைத்துவிடலாம்" என்று ஒருவர் சொல்கிறார். சரிவருமா?

தருமபுரி சபைச் செயலர்

கூட்டத்தில் கைகுலுக்க வைக்காதீர்கள். அது சமாதானம் ஆகாது, காட்சியாகும். இருவரும் சபைக்காகச் சிரித்துவிட்டு வெளியே வந்து முன்னைவிடத் தூரமாகப் போவார்கள். மத்தேயு 18:15-இன் முதல் நிபந்தனையே "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்பது.

வேதம் இரண்டு பக்கமும் பாதையைத் திறந்து வைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மத்தேயு 18-இல் போக வேண்டியவர் காயப்பட்டவர். மத்தேயு 5:23-24-இல் போக வேண்டியவர், தன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவுகூர்ந்தவர். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகிறார். ஆக "அவர் முதலில் வரட்டும்" என்று சொல்ல இருவருக்குமே வசனம் இடம் தரவில்லை. வழியில் இருவரும் எதிரெதிரே சந்தித்துக்கொள்ள வேண்டிய கணக்கு அது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஜெப வாரத்துக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். இருவரும் மதிக்கும், இருவர் சபையையும் சேராத ஒருவர் தனித்தனியே போய்க் கேட்கட்டும். கேட்க வேண்டியது "என்ன நடந்தது?" என்று அல்ல. அதைக் கேட்டால் இருபது வருஷக் கதை வரும், கேட்டவரும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். "இதில் உங்கள் பங்கு என்று நீங்கள் எதை ஒத்துக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். பத்தில் ஒரு பங்கு என்று பதில் வந்தாலும் போதும். அந்த ஒரு பங்கை மட்டும் சொல்லித் தொடங்கத் தயாரா என்று கேளுங்கள். இருவரிடமிருந்தும் அது கிடைத்த பிறகுதான் சந்திப்பு. இடம் இருவர் வீடும் இல்லை, ஆலய அலுவலகமும் இல்லை. பொதுவான ஒரு இடம். அரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். நடுவில் இருப்பவர் தொடக்க ஜெபம் செய்துவிட்டு வெளியே போய் உட்காரலாம். ஜெபத்தில் புத்திமதி சொல்லக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கடவுளிடம் சொல்வது போல் எதிரில் இருப்பவருக்குச் சொல்வது நம்மிடம் உள்ள மிகப் பழைய வழக்கம், அதனால் கெட்ட காரியங்கள் ஏராளம்.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தில்தான் பெரும்பாலும் உடைகிறது. "உங்கள் மனம் நோகும்படி ஏதாவது நடந்திருந்தால் மன்னியுங்கள்" என்பதில் தப்பு என்ன என்று இல்லை, செய்தவர் யார் என்றும் இல்லை. "நான் கோபப்பட்டது தப்புதான், ஆனால் நீங்களும்..." என்பதில் "ஆனால்" வந்ததும் முன்பாதி அழிந்துவிடுகிறது. சரியான வாக்கியத்தில் மூன்று துண்டு இருக்கும்: செய்தது இன்னது, அது தப்பு, மன்னிக்கும்படி கேட்கிறேன். எடுத்துக்காட்டாக: "கணக்கை உங்களைக் கேட்காமல் குழுவில் படித்தேன். அது தப்பு. மன்னிக்கும்படி கேட்கிறேன்." அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்துவதுதான் கடினம், தாழ்மை அங்கேதான் தேவைப்படுகிறது. தப்பு பத்துப் பேர் முன்னால் நடந்திருந்தால் திருத்தமும் அந்தப் பத்துப் பேர் முன்னால் நடக்க வேண்டும். தனியாக நடந்திருந்தால் தனியாகவே முடியட்டும்.

வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்கவே வேண்டாம். குரல் இல்லாத வார்த்தையைக் காயப்பட்டவர் தன் மனக்குரலில்தான் வாசிப்பார். அது கடுமையாகத்தான் ஒலிக்கும். படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பவும் வாய்ப்புண்டு.

இருவரும் இணங்கவே இல்லை என்றால்? ஒருவரோ இருவருமோ இந்த ஆண்டு பொறுப்பிலிருந்து ஒதுங்கலாம். அது தோல்வி அல்ல. ஏறக்குறைய கி.பி. 96-இல், கொரிந்து சபையில் மூப்பர்களைப் பதவியிலிருந்து தள்ளிய கலகம் நடந்தபோது ரோமாபுரிச் சபை அவர்களுக்குக் கடிதம் எழுதியது. கிளெமெந்தின் கடிதம் என்று அறியப்படும் அதில் இந்த யோசனையே இருக்கிறது: என்னால்தான் பிரிவினை என்றால் நான் விலகிப் போகிறேன், மந்தை சமாதானமாக இருக்கட்டும் என்று சொல்லும் பெருந்தன்மை உள்ளவர் உங்களில் யார் என்று கேட்கிறது. பவுலும் பர்னபாவும் மாற்கு விஷயத்தில் பிரிந்துதான் போனார்கள் (அப்போஸ்தலர் 15:39). பின்னால் 2 தீமோத்தேயு 4:11-இல், ஊழியத்தில் மாற்கு பிரயோஜனமுள்ளவன், அழைத்துவா என்று எழுத்து வருகிறது. சில காயங்கள் ஒரு ஜெப வாரத்துக்குள் ஆறாது.

ஊத்தங்கரை நூலகம்

திருவிருந்து விஷயத்தில் வற்புறுத்தாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 844-ஆம் விதி நற்கருணைப் பகிர்வைக் கட்டுப்படுத்துகிறது. லுத்தரன் சபைகள் பலவற்றில் போதனையில் ஒப்புதல் இருந்தால்தான் விருந்து. முழுக்கு ஞானஸ்நானத்தை வலியுறுத்தும் சபைகளுக்கு அவர்களுடைய காரணம். இன்னொருவரின் மனச்சாட்சியை உடைத்து ஐக்கியம் காட்டுவது ரோமர் 14-க்கே எதிரானது. சேர்ந்து எடுக்க முடியவில்லையே என்ற வருத்தத்தை மறைக்காமல் மன்றாட்டில் சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடியது சமாதான வாழ்த்து. திருப்பலியிலும் சி.எஸ்.ஐ. திருவிருந்து முறைமையிலும் அது ஏற்கெனவே இருக்கிறது.

போதனை வேறுபாட்டை ஒளிப்பது தாழ்மை ஆகாது. அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் மிஷன் 1895-இல் கிருஷ்ணகிரியில்தான் இந்தியப் பணியைத் தொடங்கியது. முதலில் வந்த நேதர், மோன் இருவரும் வேதம் தேவ ஆவியால் அருளப்பட்டது என்ற போதனை பற்றிய கருத்து வேறுபாட்டால் ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷனை விட்டு வெளியே வந்தவர்கள். நம் ஊரின் சபை வரலாறே அப்படித் தொடங்கியிருக்கும்போது, "எல்லாம் ஒன்றுதானே" என்று சொல்வது அந்தச் சபையாருக்கு இலேசாகத் தோன்றாது.

மனச்சாட்சியை மதித்தும் ஒன்றாகலாம் என்பதற்குத் தென்னிந்தியத் திருச்சபை நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலிக்கன் சபையும் பேராயர் இல்லாத வேறு சபைகளும் ஒன்றாகச் சேர 1919-இல் தரங்கம்பாடியில் பேச்சு தொடங்கியது. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றிப்பு நடந்தது. இடையில் 28 வருஷம். ஒவ்வொருவரும் எதை விட்டார்கள் என்று பாருங்கள். பேராயர் இல்லாமல் இருந்த சபைகள் பேராயரை ஏற்றுக்கொண்டன. ஆங்கிலிக்கன் தரப்பு, மற்ற சபைகளின் ஊழியர்களுக்கு மறுபடியும் குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை விட்டது. அவர்களை அப்படியே ஊழியர்களாக ஏற்றது. எந்தச் சபையின் மீதும் அதன் மனச்சாட்சி ஏற்காத ஊழியரையோ வழிபாட்டு முறையையோ திணிப்பதில்லை என்று உறுதியும் எழுதினார்கள். இதற்காக உழைத்த பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா 1945 ஜனவரி 1-இல் இறந்துபோனார். ஒன்றிப்பு நாளை அவர் பார்க்கவில்லை.

இனி நான்காம் கேள்வி, எல்லை. உண்டு. "தாழ்மையாய் இரு" என்று யார் யாருக்குச் சொல்கிறார் என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பிலிப்பியரில் இறங்கியவர் மேலே இருந்தவர். கீழே இருப்பவரை இன்னும் குனியச் சொல்வதற்கு அந்த வசனத்தை எடுப்பது அதைத் தலைகீழாகப் பிடிப்பது. தமிழ்ச் சபைகளில் சாதிப்படி தனி இருக்கை, தனிக் கல்லறை என்று நடந்ததெல்லாம் வரலாறு. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முழுமையாகவும் ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பியபோது தஞ்சாவூர்ப் பக்கம் பலத்த எதிர்ப்பு வந்தது. அன்று "ஒற்றுமை கெடுகிறது" என்று சொன்னவர்கள் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள். இன்றும் ஏதாவது சபையில் அப்படி ஒரு வழக்கம் மிச்சம் இருந்தால், அதைச் சுட்டிக்காட்டுபவர் ஒருமையைக் குலைப்பவர் இல்லை.

அப்போஸ்தலர் 6 இதற்கு நல்ல பாடம். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பந்தி விசாரணையைக் கொடுத்துவிட்டார்கள் என்றே தெரிகிறது. அதிகாரம் உள்ளவரின் தாழ்மை இப்படித்தான் இருக்கும். உங்கள் குழுவில் சின்ன சபையிலிருந்து குறை வந்தால் அந்தப் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள்.

பவுல் பேதுருவை அந்தியோகியாவில் முகமுகமாக எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). காரணம், புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பந்தி பிரிவதைத் தடுக்கவே அந்த எதிர்ப்பு. 2 பேதுரு 3:15-இலோ "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்" என்று வருகிறது. கண்டிக்கப்பட்டவரின் பெயரில் வரும் நிருபத்தில் கண்டித்தவருக்கு இந்தப் பெயர்.

பண மோசடி, சிறுவர்களுக்கோ பெண்களுக்கோ தீங்கு: இவற்றில் "மன்னித்து மறந்துவிடு, சபை மானம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. தீங்கு நடந்தால் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். மத்தேயு 18-ஐக் காட்டி, பாதிக்கப்பட்டவரை தீங்கு செய்தவரோடு தனியாகப் பேச அனுப்புவது பெரும் கொடுமை.

பாலக்கோடு மறைக்கல்வி

மூப்பர் ஐயா சொன்ன நாற்காலி விஷயத்தில் ஒரு சின்னச் சேர்ப்பு. நாற்காலிகளை மேடையிலிருந்து எடுத்தவுடன் மடக்கி அறையில் போட்டுவிடாதீர்கள். தரையில் உட்கார முடியாத முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவற்றைச் சுவரோரமாகப் போடுங்கள். கைப்பிடி உள்ளவையாக இருந்தால் எழுந்திருக்க வசதி. ஜனவரியில் நம் பக்கம் மாலை ஆறரைக்கே குளிர் இறங்கிவிடும். வாசல் காற்று நேராக அடிக்காத பக்கமாகப் பார்த்துப் போட்டால் அவர்களும் கடைசி வரை இருப்பார்கள்.

காவேரிப்பட்டணம் வாசகர்

எழுதிக்கொண்டேன். இதையெல்லாம் நாளைக்குக் குழுவில் படிக்கிறேன். பொன்னாடைத் தீர்மானத்தைத்தான் முதலில் வைக்கப் போகிறோம், மற்றது அடுத்து.